தேக்கி வைத்த மின்சாரம்

பேச்சிப்பாறை அணையைப் பார்த்திருப்பவர்களுக்கு மின்கலத்தின் வேலையை விளக்குவது எளிது. கோதையாற்றின் குறுக்கே 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அப்போது இப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலம். அணையைக் கட்டிய ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடிவரும் நீரை 48 அடி வரை தேக்கி வைத்து, நாஞ்சில் நாட்டு வயல்கள் கேட்கும்போது திறந்துவிடுகிறார்கள். வரும்போது சேர்த்து வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்வதே அணையின் பயன்.

மின்கலமும் இப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. இறங்கிப்போன நீர் மீண்டும் மேலே ஏறுமா?

பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் கோதையாறு நீர்மின் நிலையங்கள் இரண்டு உள்ளன. 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும் திறன் கொண்ட இவை 1970-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கின. மேலணையிலிருந்து விழும் நீர் சுழலிகளைச் சுழற்றிவிட்டுக் கீழே வருகிறது, பேச்சிப்பாறையில் சேர்கிறது, பின்பு வயலுக்குப் போகிறது. அது திரும்பி மலையேறுவதில்லை. ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறை மின்நிலையமோ வேறு வகை. 400 மெகாவாட் திறனுள்ள அந்த நிலையம் 1980-களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. மின்தேவை மிகுந்த நேரத்தில் நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். தேவை குறைந்த நேரத்தில், மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு அதே நீரைக் கீழிருந்து மேலே ஏற்றிவிடுகிறார்கள்.

டார்ச் விளக்கில் போடும் சாதாரண பாட்டரிக் கட்டை கோதையாற்றைப் போன்றது. கைப்பேசியிலும் அவசர விளக்கிலும் இருக்கும் மின்கலம் காடம்பாறையைப் போன்றது. பின்னதை மீண்டும் மின்னேற்றலாம். இதனைச் சேமக்கலம் என்கிறோம்.

சேமக்கலத்துக்குள் மின்சாரம் மின்சாரமாகவே தேங்கி நிற்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். மின்னோட்டம் உள்ளே ஒரு வேதி மாற்றத்தை உண்டாக்குகிறது. அந்த மாற்றம் தலைகீழாக நடக்கும்போது மின்னோட்டம் வெளியே வருகிறது. ஆகவே ஒரு சேமக்கலத்தின் தரம் என்பது, உள்ளிருக்கும் பொருள்கள் போன வழியே எத்தனை முறை பிசகாமல் திரும்பி வருகின்றன என்பதைப் பொறுத்தது. 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேமக்கல வரலாறு முழுவதும் இந்த ஒரே முயற்சியின் வரலாறுதான். எந்தக் கலம் எங்கே வழி தவறுகிறது என்று அறிந்தவர்க்கு அதைத் தேர்ந்தெடுக்கவும் பேணவும் தெரிந்துவிடும்.

ஒருவழிப் பாதை

1800-ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என மாறி மாறி அடுக்கி, தொடர்ந்து மின்னோட்டம் தரும் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். துத்தநாகம் கரையக் கரைய மின்னோட்டம் கிடைத்தது. துத்தநாகம் தீர்ந்தால் கலமும் தீர்ந்தது. 1866-இல் பிரெஞ்சுக்காரர் லெக்லான்சே அமைத்த கலமும், அதிலிருந்து 1880-களில் பிறந்த உலர் மின்கலமும் இந்த வழியில் வந்தவையே.

தீர்ந்துபோன பாட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்துவிட்டு மீண்டும் வானொலிப் பெட்டியில் போடும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. அப்போது வானொலி சிறிது நேரம் பாடவும் செய்யும். இது மின்னேற்றம் அன்று. கலத்துக்குள் மின்வாயை ஒட்டித் தேங்கிய விளைபொருள்கள் வெப்பத்தால் பரவிக் கலைகின்றன. மிச்சமிருந்த கொஞ்சம் துத்தநாகத்துக்கு வேலை செய்ய வழி கிடைக்கிறது. அவ்வளவே. கரைந்த துத்தநாகம் வெயிலால் திரும்பி வராது. அப்படிப்பட்ட கட்டையை மின்னேற்றியில் போட்டால் உள்ளே வாயு பெருகிக் கசியும். சில வேளை வெடிக்கவும் கூடும்.

காரீயத் தகடும் ரப்பர் பட்டையும்

திரும்பி வரும் பாதையை முதலில் நடைமுறைக்கு ஏற்றபடி கண்டவர் பிரெஞ்சு இயற்பியலறிஞர் காஸ்டன் பிளாண்டே. ஆண்டு 1859. இரண்டு நீண்ட காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி நடுவே ரப்பர் பட்டைகளை வைத்துப் பாய்போலச் சுருட்டினார். நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். மின்னோட்டத்தைச் செலுத்தியபோது ஒரு தகட்டின்மேல் காரீய டை ஆக்சைடு படிந்தது. மற்றது காரீயமாகவே நின்றது. மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட்டு உண்டாயிற்று. மீண்டும் மின்னேற்றினால் பழைய நிலை திரும்பியது. 1860-இல் இத்தகைய ஒன்பது கலங்கள் கொண்ட அடுக்கைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

நாஞ்சில் நாட்டு வாசகர்கள் அந்த ரப்பர் பட்டையைக் கவனித்திருப்பீர்கள். பிற்காலத்தில் காரீய-அமிலக் கலங்களின் பெட்டிகளும் கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பரால் செய்யப்பட்டன. பிளாஸ்டிக் வரும்வரை அமிலத்தைத் தாங்கிய பொருள்களில் அது முதன்மையானது.

பிளாண்டே தம் கலத்தை மின்னேற்ற ஒருவழிக் கலங்களையே பயன்படுத்த வேண்டியிருந்தது. அதனால் அது முதலில் ஆய்வுக்கூடப் பொருளாகவே நின்றது. 1870-களில் டைனமோக்கள் பெருகின. 1881-இல் கமில் ஃபோர் என்பவர் காரீய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டில் பூசும் முறையைப் புகுத்தினார். அதன் பின்னரே காரீயக் கலம் பெருந்தொழிலாயிற்று. இன்று இன்வெர்ட்டரிலும் மோட்டார் வாகனங்களிலும் இருப்பது அதன் வழித்தோன்றலே. ஒரு கலத்துக்கு 2 வோல்ட். ஆறு கலம் சேர்ந்தால் 12 வோல்ட்.

இந்தக் கலம் வழி தவறும் இடம் எது? காரீய சல்பேட்டுதான். மின்னிறக்கத்தின்போது உண்டாகும் சல்பேட்டு நுண்ணிய துகள்களாக இருக்கும்வரை எளிதில் திரும்பும். தீர்ந்த நிலையில் நாள் கணக்கில் விட்டுவிட்டால் அது பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுதும் திரும்பாது. பரணில் வைத்த அவசர விளக்கு, புயல் அடித்த இரவில் எடுத்தால் எரியாததன் காரணம் இதுதான். காரீயக் கலம் உள்ள எந்தக் கருவியையும் முழுதும் மின்னேற்றியே வையுங்கள். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது மின்னேற்றுங்கள். நீர் ஊற்றும் வகையாயின் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

சுரங்கத் தொழிலாளியின் விளக்கு

காரீயம் கனமானது, அமிலம் சிந்தக்கூடியது. இவ்விரு குறைகளையும் நீக்க ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே சமயத்தில் முயற்சி நடந்தது. ஸ்வீடன் நாட்டு வால்டெமார் யுங்னர் 1899-இல் நிக்கலையும் காட்மியத்தையும் மின்வாய்களாகக் கொண்டு, அமிலத்துக்குப் பதில் காரக் கரைசலை ஊற்றிப் புதிய கலம் செய்தார். தாமஸ் எடிசன் 1901-இல் காட்மியத்தின் இடத்தில் இரும்பை வைத்தார். மின்சாரக் கார்களை ஓட்டுவதே எடிசனின் நோக்கம். 1903-இல் விற்பனைக்கு வந்த அவருடைய கலங்கள் கசிந்தன. சேமிப்புத் திறனும் குறைந்தது. அவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்று, மேலும் சில ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ 1910-இல் திருத்திய கலத்தைக் கொடுத்தார். அதற்குள் பெட்ரோல் கார்கள் முந்திவிட்டன.

ஆனால் அந்த உழைப்பு வேறிடத்தில் பயன்பட்டது. 1914-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எடிசனின் கலத்தை இடுப்பில் கட்டி, விளக்கைத் தொப்பியில் பொருத்தி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு விளக்குகள் செய்தார்கள். அதுவரை அவர்கள் தீச்சுடர் விளக்குகளையே நம்பியிருந்தனர். சுரங்க வாயுவில் அச்சுடர் பட்டு நேர்ந்த வெடிப்புகளில் மாண்டவர் பலர்.

அந்தத் தொப்பி விளக்கின் உறவினர் ஒன்றைப் பேச்சிப்பாறைச் சுற்றுவட்டாரத்தில் விடியுமுன் காணலாம். ரப்பர் பால் வெட்டுவோர் இருட்டிலேயே தோட்டத்துக்குப் போகிறார்கள். இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கி விடுவதால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆகவே வெட்டுக் கத்தி கையில், விளக்கு நெற்றியில். பட்டையில் வெட்டு ஒரு மயிரளவு ஆழமாகிவிட்டால் மரம் புண்படும். காலடியில் பாம்பு கிடக்கலாம். காட்டோரத் தோட்டங்களில் யானையும் வரலாம். அவ்விடத்தில் விளக்கு அணைவது வேடிக்கையன்று. எந்த மின்கலம் நல்லது என்ற கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டியவர்களில் முதல்வர் இவர்களே.

மூடிய கலம் வீட்டுக்குள் வருகிறது

நிக்கல்-காட்மியக் கலம் வீட்டுக்குள் வருவதற்கு ஒரு தடை இருந்தது. மின்னேற்றம் முடியும் தறுவாயில் அதிலிருந்து ஆக்சிஜன் வெளிப்படும்; எனவே காற்றுப்போக்கி வைக்க வேண்டும்; நீர் ஊற்ற வேண்டும். 1947-இல் நியூமன் என்பவர் இதற்கு வழி கண்டார். காட்மியத்தைத் தேவைக்கு மேல் சற்று மிகுதியாக வைத்தால், நேர்மின்வாயில் பிறக்கும் ஆக்சிஜனை எதிர்மின்வாய் உறிஞ்சிக்கொள்ளும். கலத்தை முற்றிலும் மூடிவிடலாம். இதன் பயனாகவே பாட்டரிக் கட்டையின் அளவிலேயே சேமக்கலம் செய்ய முடிந்தது. முகம் மழிக்கும் கருவி, கம்பியில்லாத் தொலைபேசி, பொம்மைக் கார், புகைப்படக் கருவியின் மின்னல் விளக்கு எனப் பலவற்றிலும் அது புகுந்தது.

உலர் கலத்துக்கு 1.5 வோல்ட், நிக்கல் கலத்துக்கோ 1.2 வோல்ட். நான்கு கட்டை போடும் வானொலிக்கு 6 வோல்ட்டுக்குப் பதில் 4.8 வோல்ட்தானே கிடைக்கும்? ஆம். ஆயினும் பெரும்பாலான கருவிகள் இயங்கும். உலர் கலத்தின் 1.5 வோல்ட் தொடக்கத்தில் மட்டுமே. பயன்படுத்தப் பயன்படுத்த 1.2, 1.0 என இறங்கிக்கொண்டே போகும். கருவி செய்வோரும் அதற்கேற்பவே அமைப்பார்கள். நிக்கல் கலமோ ஏறத்தாழ இறுதிவரை 1.2 வோல்ட்டில் நின்று, கடைசியில் சட்டென்று விழும்.

அந்தக் கடைசி வீழ்ச்சியில்தான் ஆபத்து. மூன்று கலங்கள் தொடராக இருக்கையில் ஒன்று மட்டும் முதலில் தீர்ந்துவிட்டால், மற்ற இரண்டும் அதன் வழியாக மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தும். தீர்ந்த கலம் தலைகீழாக மின்னேற்றம் பெற்றுக் கெடும். ஆகவே பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். ஒரே நாளில் வாங்கிய, ஒரே அளவுள்ள கலங்களை ஒரு குழுவாகக் குறியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு மங்கியவுடன் அணைத்துவிடுங்கள். கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம்.

காட்மியம் தந்த பாடம்

காட்மியம் நச்சு உலோகம். ஜப்பானின் தோயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றுப் படுகையில் வாழ்ந்த உழவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, எலும்புகள் மென்மையாகி முறியும் கொடிய நோய் கண்டது. வலி தாளாமல் அவர்கள் கதறியதே நோயின் பெயராயிற்று: இதாய்-இதாய், அதாவது ‘வலிக்கிறது, வலிக்கிறது’. மேலே மலையிலிருந்த துத்தநாகச் சுரங்கத்தின் கழிவில் கலந்த காட்மியம் ஆற்றுநீர் வழியாக நெல்வயலுக்கும், நெல்வழியாக உடலுக்கும் சென்றதே காரணம். 1968-இல் ஜப்பானிய அரசு இதனை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது.

அங்கே குற்றவாளி மின்கலமன்று, சுரங்கம். எனினும் ஆறு, வயல், சோறு என்னும் அந்தப் பாதை, மலையிலிருந்து வரும் நீரில் நெல் விளைக்கும் எந்த நாட்டுக்கும் பொருந்தும். எறியப்பட்ட மின்கலத்திலிருந்து கசியும் காட்மியமும் அதே பாதையில் போகக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு ஆணையின் மூலம் கையடக்கக் கருவிகளுக்கான காட்மியக் கலங்களைப் பெரிதும் தடுத்தது. அதற்குள் மாற்றும் வந்துவிட்டது.

காட்மியத்தின் இடத்தில், ஹைட்ரஜனைத் தன் படிக அமைப்புக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஓர் உலோகக் கலவையை வைத்தால் நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலம் கிடைக்கும். 1960-களில் தொடங்கிய ஆய்வு 1989-90-இல் கடைக்கு வந்தது. அதே 1.2 வோல்ட்; அதே அளவுக் கட்டையில் கூடுதல் சேமிப்பு; காட்மியம் இல்லை. ஆனால் அது சும்மா இருக்கும்போதே மின்னேற்றத்தை இழந்தது. மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ கரைந்துவிடும். 2005-இல் ஜப்பானியர் இக்குறையைப் பெரிதும் போக்கிய வகையைக் கொண்டுவந்தனர். அது ஓராண்டு கழித்தும் தன் மின்னேற்றத்தில் முக்கால் பங்களவு வைத்திருக்கும். இன்று நிக்கல் கலம் வாங்குவோர் தேட வேண்டியது இந்த வகையையே. ‘முன்னரே மின்னேற்றப்பட்டது’ என்று உறையில் அச்சிட்டிருப்பது ஓர் அடையாளம்.

மதுரையும் ஸ்டாக்ஹோமும்

உலோகங்களில் மிக இலேசானது லித்தியம். எலெக்ட்ரானை மிக எளிதில் விட்டுக்கொடுப்பதும் அதுவே. ஆனால் நீர் பட்டால் வினைபுரியும் அந்த உலோகத்தைக் கட்டிப்போட இருபது ஆண்டு ஆயிற்று. 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம், லித்திய அயனிகள் டைட்டானியம் டை சல்பைடின் அடுக்குகளுக்கிடையே புகுந்து திரும்பும் கலத்தைச் செய்தார். புத்தக அடுக்கில் நூலைச் செருகி எடுப்பது போன்ற வினை இது. அடுக்கு உடைவதில்லை; ஆகவே பாதை பிசகுவதில்லை. ஆனால் மற்ற மின்வாயிலிருந்த லித்திய உலோகம், மின்னேற்றும் போதெல்லாம் ஊசிபோல வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டது, தீப்பற்றியது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழுவினர் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு ஏறத்தாழ 4 வோல்ட் பெற்றனர். 1985-இல் அகிரா யோஷினோ லித்திய உலோகத்தையே நீக்கிவிட்டு, அதன் இடத்தில் அயனிகள் தங்கும் கரிப்பொருளை வைத்தார். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனிக் கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இவ்வரலாற்றில் ஒரு தமிழருக்கும் இடமுண்டு. ஆறுமுகம் மந்திரம் தென் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, 1981-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1980-களின் நடுவில் குடினஃபுடன் சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டிலும், பின்பு டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்தார். விலையுயர்ந்த கோபால்ட்டுக்குப் பதில் இரும்பைப் பயன்படுத்த முடியுமா என்பது கேள்வி. இரும்பு ஆக்சைடு குறைந்த மின்னழுத்தமே தரும். இரும்புடன் சல்பேட்டு போன்ற தொகுதிகளைச் சேர்த்தால் மின்னழுத்தம் உயர்கிறது என்று இருவரும் காட்டினர். இந்த வழியில் சென்றே 1997-இல் குடினஃபும் அவருடைய மாணவர் அக்ஷய பாதியும் உள்ளிட்ட குழுவினர் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட்டை வெளியிட்டனர். அதிலுள்ள ஆக்சிஜன் பாஸ்பரசுடன் இறுகப் பிணைந்திருப்பதால், கலம் சூடேறினாலும் எளிதில் வெளிப்பட்டுத் தீயை வளர்ப்பதில்லை. 2019-இல் குடினஃப், விட்டிங்காம், யோஷினோ மூவரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அப்போது குடினஃபுக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் சொற்பொழிவை ஆற்றியவர் மந்திரம்.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையும் இங்கே நினைக்க வேண்டும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. காரீயக் கலம் முதல் லித்தியக் கலம் வரை அங்கே ஆய்வுகள் நடந்து வருகின்றன. மின்வேதியியல் படிக்க விரும்பும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய இடம்.

கடையில் நிற்கும்போது

வரலாற்றைக் கண்டோம். இனி அதைக் கொண்டு தேர்ந்தெடுப்போம்.

முதலில் கருவி எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பாருங்கள். சுவர்க் கடிகாரமும் தொலைக்காட்சியின் ரிமோட்டும் மிகச் சிறிதே இழுக்கும். ஒரு கட்டை பல மாதம் வரும். அவற்றுக்கு உலர் கலமே போதும். டார்ச், பொம்மை, இரத்த அழுத்தமானி, கணினிச் சுட்டி போன்றவற்றில் கட்டை அடிக்கடி தீரும், அங்கே நிக்கல்-ஹைட்ரைடு. இரு வாரத்துக்கொரு முறை இரண்டு கட்டை மாற்றும் டார்ச்சுக்கு ஆண்டுக்கு 52 கட்டை வேண்டும். நன்கு பேணினால் சில நூறு முறை மின்னேற்றக்கூடிய இரண்டு சேமக்கலங்கள் அத்தனைக்கும் ஈடாகும்.

அடுத்து மின்னேற்றும் நேரம். கலத்தின்மேல் 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்றும், மின்னேற்றியின்மேல் 200 மில்லி ஆம்பியர் என்றும் இருந்தால், 2,000-ஐ 200-ஆல் வகுக்க 10 மணி. ஆனால் ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால் நிக்கல் கலத்துக்கு ஏறத்தாழ 1.4 மடங்கு கொடுக்க வேண்டும்; 14 மணி நேரம். தானே நிறுத்திக்கொள்ளாத மலிவான மின்னேற்றியில் இந்தக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். கலம் நிறைந்ததும் மின்னழுத்தம் சற்றே குறைவதை உணர்ந்து தானே நிற்கும் மின்னேற்றிகள் உண்டு. அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் கலத்தின் ஆயுளாகத் திரும்பி வரும்.

நெற்றி விளக்குக்கும் கையடக்கக் கருவிகளுக்கும் லித்தியம்-அயனி ஏற்றது. இங்கே ஓர் எச்சரிக்கை. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைக் கலம் 18650 எனப்படும். இந்த அளவுக்குள் நல்ல நிறுவனங்கள் அடக்குவது பெரும்பாலும் 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர்-மணி வரையே. கடையில் 9,900 என்று அச்சிட்ட கலத்தைக் கண்டால், அந்த எண் பொய் என்று உடனே முடிவு செய்யலாம். கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல கலம் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். மிகவும் இலேசாக இருந்தால் உள்ளே பொருள் குறைவு. நேர்மையான 2,600 மில்லி ஆம்பியர்-மணிக் கலம் 3.7 வோல்ட்டில் ஏறத்தாழ 9.6 வாட்-மணி ஆற்றல் தரும். 1 வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரியும். விடியற்காலை வேலைக்குத் தாராளம். வீட்டு இன்வெர்ட்டருக்கும் சூரிய விளக்குக்கும் இடவசதியும் பராமரிப்பும் உள்ள இடத்தில் காரீயம். நீண்ட ஆயுள் வேண்டின், முதல் செலவு கூடுதலானாலும், இரும்பு பாஸ்ஃபேட்டு. பின்னது இரண்டாயிரம் முறைக்கு மேலும் மின்னேற்றத் தாங்கும்.

சாதாரணக் கட்டையின் உருவத்திலேயே 3.7 வோல்ட் லித்தியக் கலங்களும் கிடைக்கின்றன. 1.5 வோல்ட் கட்டைக்கான கருவியில் அதைப் போட்டால் கருவி கருகிவிடும். மின்னழுத்தத்தைப் படித்த பிறகே போடுங்கள். லித்தியக் கலத்தை அதற்குரிய மின்னேற்றியில் மட்டுமே மின்னேற்ற வேண்டும், 4.2 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே லித்திய உலோகம் படிந்து, 1970-களின் பழைய ஆபத்து திரும்பும். இரும்பு பாஸ்ஃபேட்டுக்கு எல்லை இன்னும் குறைவு, 3.65 வோல்ட். தலையணைக்கடியிலோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்காதீர்கள். வீங்கிய கலத்தை மீண்டும் மின்னேற்றவே கூடாது. முழுதும் தீர்த்துவிட்டுத்தான் மின்னேற்ற வேண்டும் என்பது லித்தியத்துக்குப் பொருந்தாது. நாள்பட வைப்பதாயின் பாதி நிரப்பி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

தீர்ந்த கலம் போகும் இடம்

எவ்வளவு பேணினாலும் ஒருநாள் கலம் முடிந்துபோகும். காரீயத்துக்குப் பழைய விலை கிடைப்பதால் அது பெரும்பாலும் கடைக்குத் திரும்புகிறது. ஆனால் குடியிருப்புகளுக்கு நடுவே திறந்த அடுப்பில் காரீயத்தை உருக்குவோரிடம் அது போய்ச் சேர்ந்தால், புகையிலுள்ள காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சிறு கலங்களுக்கோ பழைய விலையே இல்லை; குப்பையோடு ஓடைக்குப் போகின்றன. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு விதிகள் காரீயக் கலங்களை மட்டுமே கட்டுப்படுத்தின. 2022 ஆகஸ்டில் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைகளையும் உட்படுத்தி, திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்துள்ளன. குறுக்குக்கோடிட்ட குப்பைத்தொட்டிப் படம் கலத்தின்மேல் இருப்பதன் பொருள், குப்பையில் போடாதே என்பதுதான்.

வீட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவை இதற்கென்றே வையுங்கள். முடிந்துபோன லித்தியக் கலங்களின் முனைகளில் ஒட்டுநாடாவை ஒட்டி அதில் போடுங்கள். இல்லையேல் ஒன்றோடொன்று உரசித் தீப்பற்றலாம். பள்ளியிலோ படிப்பகத்திலோ இத்தகைய டப்பா ஒன்று இருந்தால், ஊரின் சிறு கலங்களெல்லாம் ஓரிடத்தில் சேரும். சேர்ந்ததை, மின்கலம் திரும்பப் பெறும் கடையிலோ மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வோரிடமோ கேட்டுக் கொடுக்கலாம். கலத்துக்குள் அயனிகள் போன வழியே திரும்பி வருவதற்கு அறிஞர்கள் 160 ஆண்டு பாடுபட்டார்கள். கலமே அது வந்த வழியில், நம் ஆற்றுக்கும் வயலுக்கும் போகாமல், தொழிற்சாலைக்குத் திரும்பிப் போவது நம் கையில் இருக்கிறது.